எஞ்சின் மேல் வெந்த கிழங்கு

டெக்சஸ்
ஜனவரி 14, 2018

அன்புள்ள ஆர்டித்,

உன் ஊரில் பனி ஜன்னல் உயரத்துக்கு ஏறிவிட்டது என்று எழுதியிருந்தாய். நான் இன்று மதியம் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கொல்லையில் துணி உலர்த்தினேன். சும்மா சொல்லி வைக்கிறேன், உனக்கு வயிறு எரியட்டும்.

இது போனில் சொல்ல வேண்டிய செய்தி. ஆனால் போன் என்றால் நான் அழ ஆரம்பிப்பேன், நீ வாயை மூடிக்கொள்வாய், இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நமக்குக் கடிதம்தான் ஒத்துவருகிறது.

என் மகன் ராய்ஸின் பாட்டு படமாகப் போகிறது! அந்தத் தொப்பிக்காரப் பாடகன் பாடினானே, 'ராய்ஸ் ஓட்டிய வண்டி', அதைத்தான் முழுநீளப் படமாக எடுக்கப்போகிறார்கள். ஜோசலின் என்று ஒரு பெண், அவள்தான் டைரக்டர், கலிஃபோர்னியாவிலிருந்து வந்து என் சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள். ஒல்லிப்பிச்சான். "நான் இனிப்பே தொட மாட்டேன்மா" என்று சொல்லிக்கொண்டே நான் செய்த பீக்கன் கொட்டைப் பலகாரத்தில் பாதியைக் காலி செய்தாள். ராய்ஸின் அறையைக் காட்டினேன். வாசலிலேயே நின்று பார்த்தாள், உள்ளே காலை வைக்கவில்லை. அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். "வெல்டா, உன் பையனை நாடே பாக்கப் போவுதுடி!" என்று மேபெல் கூரை அதிரக் கத்தினாள். அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் போட்ட மக்ரோனி அடிப்பிடித்துவிட்டது. ஒரு பிள்ளைகூடக் குறை சொல்லவில்லை, பாவம்.

நம் பிள்ளைகள் இரண்டு பேரும் ஈராக்கில் ஒரே வண்டியில் போனவர்கள் அல்லவா, அதனால் உன் சம்மதமும் வேண்டும் என்கிறார்கள். படத்தின் கதையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நடுவில் கிழங்கு சுடுகிற காட்சி ஒன்று வரும். அதை உட்கார்ந்துகொண்டு படி. படித்த கையோடு எனக்கு எழுதாதே. ஒரு காபி குடித்துவிட்டு எழுது.

உன்
வெல்டா

மெய்ன்
ஜனவரி 27, 2018

வெல்டா,

காபி குடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பானையே காலி. பலனில்லை.

உன் மகன் ராய்ஸுக்கு உருளைக்கிழங்கைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் ஊரில் கிழங்கு தோண்டும் காலத்தில் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவோம். குழந்தைகள் எல்லாம் வயலில்தான் கிடக்கும். என் மகன் கில் கூடையைவிடக் கொஞ்சம்தான் உயரமாக இருந்தான், அப்போதே அப்பாவின் டிராக்டர் எஞ்சின் மேல் கிழங்கை அலுமினியத் தாளில் சுற்றி வைத்து, மதியச் சாப்பாட்டு வேளைக்கு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சுடச்சுடக் கொடுப்பான். அதே வித்தையைத்தான் ஈராக்கில் ராணுவ வண்டியின் எஞ்சினில் செய்தான். நான் பெட்டி பெட்டியாக இங்கிருந்து கிழங்கு அனுப்பினேன். தபால் நிலையத்தில் லூசில், "ஆர்டித், சிப்பாய்க்கு எல்லாரும் பிஸ்கட் அனுப்புவாங்க, நீ மண்ணோட சேத்து அனுப்புற" என்பாள்.

இப்போது இந்தக் கதையில் கிழங்கைச் சுற்றுவது ராய்ஸ். எல்லோருக்கும் பிய்த்துக் கொடுப்பது ராய்ஸ். முன்பல் இடுக்கில் விசிலடிப்பதும் ராய்ஸ். ராய்ஸுக்கு முன்பல்லில் இடுக்கு உண்டா? நீதான் பல்லுக்குக் கம்பி போட்டதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கிறாயே.

கில்லைத் தேடினேன், வெல்டா. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலை வைத்துக்கொண்டு தேடினேன். அவன் இல்லை. ஒரே ஒரு பையன்தான் இருக்கிறான்.

பாட்டிலும் கில் இல்லை. நான் ஏதாவது சொன்னேனா? மூன்று நிமிஷப் பாட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு எங்கே இடம் என்று விட்டுவிட்டேன். படம் இரண்டு மணி நேரம் ஓடுமே.

ஒரு டெக்சஸ்காரன் போன இடத்தில் உருளைக்கிழங்கு சுட்டான் என்றால் எங்கள் ஊர்க் கோழிகூடச் சிரிக்கும். சம்மதம் தர மாட்டேன். உன் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

ஆர்டித்

டெக்சஸ்
பிப்ரவரி 8, 2018

என் அருமை ஆர்டித்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே ஜோசலினைக் கூப்பிட்டேன். "ஏம்மா, அந்தப் பையனுக்கு ஒரு அம்மா இருக்கா, அவ உயிரோட இருக்கா, தெரியுமில்ல?" என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கோச்சுக்காதீங்கம்மா. ரெண்டு பசங்களையும் காட்டினா பாக்கிறவங்களுக்கு யார் யாருன்னு குழம்பிடும். ரெண்டு அம்மா அழுதா ஒருத்தங்க அழுகையும் மனசுல நிக்காது. ஒருத்தனைக் காட்டினா போதும். அதான் ரெண்டு பேரையும் ஒரே பையனா ஆக்கிட்டோம். சினிமாவுல எல்லாரும் செய்றதுதான்."

கேட்டாயா? இரண்டு முட்டையை ஒரே கிண்ணத்தில் உடைத்து அடித்த மாதிரி நம் பிள்ளைகளை அடித்துவிட்டார்கள். பேர் ராய்ஸாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பாட்டுதான். பாட்டில் அந்தப் பேர் வந்துவிட்டது, ரேடியோவில் நாடு பூராவும் கேட்டுவிட்டது, இனி மாற்ற முடியாதாம். நீ சம்மதிக்காவிட்டால் கிழங்குக் காட்சியை நீக்கிவிட்டுப் படத்தை எடுப்பார்களாம். அப்படியானால் கில் அரைக் கிழங்கு அளவுக்குக்கூட அதில் இருக்க மாட்டான்.

உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? கதையைப் படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உனக்குத்தான் தெரியுமே, என் ராய்ஸ் வாயைத் திறக்க மாட்டான். காலையில் எழுப்பினால் மத்தியானம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அவன் நன்றாகச் செய்த இரண்டு காரியம், வண்டி ஓட்டுவது, தூங்குவது. படத்தில் வரும் ராய்ஸோ எல்லோரையும் சிரிக்க வைக்கிறான். அவனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிறகுதான் உறைத்தது, எனக்குப் பிடித்ததெல்லாம் உன் மகன்.

இன்னொன்று. பாட்டு வந்த நாளிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் ராய்ஸைப் பார்க்க வருகிறார்கள். வந்து போனதற்கு அடையாளமாக ஆளுக்கு ஒரு சென்ட் காசை அவன் கல்லறைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். கல்லே செம்பு நிறமாகிவிட்டது. கில்லின் கல்லில் உன் காசும் தபால்காரர் காசும் மட்டும் கிடக்கின்றன என்று போன வருஷம் எழுதியிருந்தாய். அது என் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. அதனால் ராய்ஸின் கல்லிலிருந்து கொஞ்சம் அள்ளி ஒரு துணிப்பையில் போட்டு அனுப்பியிருக்கிறேன். ராய்ஸ் பங்கு கொடுத்தான் என்று வைத்துக்கொள்.

முத்தங்களுடன்
வெல்டா

மெய்ன்
பிப்ரவரி 19, 2018

வெல்டா டன்லப்,

பை வந்தது. அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

கல்லின் மேல் காசு இருந்தால் ஒருவர் அங்கே வந்து நின்றார் என்று அர்த்தம். அது தபாலில் வருகிற சரக்கு இல்லை. எங்கோ ஒஹையோவிலிருந்து எவனோ லீவு போட்டு, பெட்ரோல் போட்டு வந்து, உன் மகன் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டு வைத்த காசு அது. நீ அதைப் பொறுக்கி எடுத்து என் மகனுக்கு அனுப்புகிறாய்.

கில்லுக்கு யாரும் வரவில்லை என்றால் வரவில்லை, அவ்வளவுதான். அவன் யாரிடமும் கையேந்தவில்லை.

ஆர்டித் பெல்கி

டெக்சஸ்
மார்ச் 18, 2018

ஆர்டித்,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப்போட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

நான் செய்தது மடத்தனம். பை திரும்பி வந்த அன்றே கல்லறைக்குப் போய், ஒவ்வொரு காசாக ராய்ஸின் கல்லில் திரும்ப வைத்தேன். புல் வெட்டுகிறவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்னம்மா, போன மாசம் எடுத்தீங்க, இந்த மாசம் வைக்கிறீங்க, வட்டிக்கு விட்டீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவர் பயந்துபோய் மெஷினை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நீ முழுப்பேர் போட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தாய். நாம் முதல் தடவை பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? ராணுவ முகாமில், அந்த நினைவுக் கூட்டத்தில், இரண்டு ஜோடி பூட்ஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்களே. நீ என் பக்கத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாய். எனக்கு மூக்கு ஒழுகியது, கைக்குட்டை இல்லை. நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் உன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தாய். "இதுல சிந்து" என்றாய். உன் பேர் என்னவென்றுகூட எனக்கு அப்போது தெரியாது. அன்றிலிருந்து அந்தக் கடிதத்துக்கு முன்வரை முழுப்பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை நீ.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஈஸ்டர் கழிந்ததும் ஜோசலினைக் கூப்பிட்டு, படம் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். நான் வேண்டாம் என்றால் நின்றுவிடும். ராய்ஸுக்குப் பாட்டு இருக்கிறது, போதும். உன்னை விட்டுவிட்டு எனக்கு ஒரு படமும் வேண்டியதில்லை. சமையல்கட்டில்தான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மேபெல் இப்போதே புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

வெல்டா

மெய்ன்
மார்ச் 25, 2018

அடி மண்டு,

ஜோசலினைக் கூப்பிட்டாயா? கூப்பிடாதே. இன்னும் கூப்பிடவில்லை என்றால் போனைத் தொடாதே. தொட்டிருந்தால் மறுபடி கூப்பிட்டு, புத்தி கெட்டுப் பேசிவிட்டேன் என்று சொல்.

போன வாரம் மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கூரை ஸ்பீக்கரில் ராய்ஸின் பாட்டு வந்தது. வழக்கமாக அது வந்தால் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு குளிர்பெட்டிகள் பக்கம் போய்விடுவேன், அங்கே மோட்டார் இரைச்சலில் காது கேட்காது. அன்றைக்கு முட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், சின்ன வயசு, உதட்டில் வளையம், கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு நின்று கேட்டாள். முடிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "யாருன்னே தெரியல, ஆனா ஒவ்வொரு தடவையும் இந்த ராய்ஸ் என்னை அழ வச்சிடறான்" என்றாள். அவளிடம் நான், "அவன் காலையில எழுந்திருக்கவே மாட்டான்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். நான் பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும்? கிழங்கை எடுத்துவிடுவார்கள். நீ பிடிவாதம் பிடித்தால் ராய்ஸையும் எடுத்துவிடுவார்கள். இரண்டு பேரையும் நாமே திரும்பக் கொண்டுவந்து வீட்டுக்குள் பூட்டி வைத்த மாதிரி ஆகும். ராய்ஸின் பேரில் கில் நாலு பேரைச் சிரிக்க வைப்பான் என்றால் வைத்துவிட்டுப் போகட்டும். உன் மகன் வண்டியில் என் மகன் ஏறிக்கொண்டு போனான். இதுவும் அப்படித்தான். சுலபமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் சுலபமாக இல்லை, தெரிந்துகொள்.

சம்மதக் கையெழுத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. கிழங்கை ஒழுங்காகச் சுட வேண்டும். அந்தக் கதையில் எழுதியிருக்கிறபடி சுட்டால் பாதி கரியும் பாதி பச்சையுமாக இருக்கும், எங்கள் ஊர்க்காரர்கள் திரையைக் கிழித்துவிடுவார்கள். ஜோசலினிடம் சொல்: தாளை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். புகைக்குழாயை ஒட்டி இடுக்கி வைக்க வேண்டும், மேலே சும்மா வைத்தால் உருண்டுவிடும். பாதி வழியில் நிறுத்தித் திருப்பி வைக்க வேண்டும். முதலில் முள்கரண்டியால் நாலு குத்துக் குத்த வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். கில் ஒருமுறை குத்த மறந்துவிட்டானாம். எஞ்சினுக்குள் டப் என்று வெடித்ததும் மொத்தப் படையும் தரையில் படுத்துவிட்டதாம். "அம்மா, ஒரு கிழங்கு எங்க எல்லாரையும் கவுத்துடுச்சு" என்று எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அது அவன் எழுதிய கடைசிக் கடிதம் என்று அப்போது தெரியாது.

கிழங்கை நான் அனுப்புகிறேன். கடையில் கிடைக்கும் பெரிய பழுப்புக் கிழங்கை வாங்கிவிடப் போகிறார்கள், அதற்கு இடம் கொடுக்காதே.

உன்
ஆர்டித்

டெக்சஸ்
அக்டோபர் 3, 2018

என் கண்ணே ஆர்டித்,

படப்பிடிப்பு முடிந்தது. எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கிற மேய்ச்சல் நிலத்தைத்தான் ஈராக் ஆக்கியிருந்தார்கள். மாடுகளை விரட்டிவிட்டு, மண்சுவர் எழுப்பி, புழுதிக்கு ஒரு பெரிய விசிறி வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் புழுதிக்கு விசிறி வைத்த முதல் ஆள் ஜோசலின்தான்.

உன் பெட்டி வந்து சேர்ந்தது. கிழங்கை நானே குத்தினேன், நானே சுற்றினேன், யாரையும் தொடவிடவில்லை. கேமராக்காரன் "அலுமினியத் தாள் ரொம்பப் பளபளங்குது, மேல கொஞ்சம் சேறு பூசலாமா?" என்றான். "பூசிப் பாரு, கையை உடைச்சிடுவேன்" என்றேன். நீ சொல்லச் சொன்னதாகவும் சொன்னேன்.

ராய்ஸாக நடிக்கிற பையனுக்குக் கூச்ச சுபாவம். முதல் நாள் தொலைவில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வந்து, "மேடம், அவரு எப்படிச் சிரிப்பாரு?" என்றான். எந்த அவர் என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. மடியில் இருந்த கிழங்கை எடுத்துக் காட்டி, "இதைச் சுட்ட பையன் பேரு கில். வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே தோள் குலுங்க ஆரம்பிச்சிடும்" என்றேன். போட்டோவில் பார்த்ததையும் நீ எழுதியதையும் வைத்துச் சொன்னேன், சரிதானே? அந்தக் காட்சியை எடுக்கும்போது அவனுக்குத் தோள் குலுங்கியது. எனக்குக் கூடாரத்துக்குள் போய்விட வேண்டியதாயிற்று.

காட்சி முடிந்ததும் விளக்குப் பிடிக்கிறவர்கள் முதல் டிரைவர் வரை உட்கார்ந்து கிழங்கைத் தின்று தீர்த்தார்கள். ஜோசலினும் தின்றாள். உப்பு கேட்டாள்.

படம் நவம்பரில்தான் ஊரெல்லாம் வருமாம், அதுவும் அடுத்த வருஷ நவம்பர். அதற்கு முன்னால், மே மாதம் படைவீரர் நினைவு நாளன்று நம் இரண்டு ஊரிலும் மட்டும் காட்டுவார்கள். ஜோசலின் உங்கள் ஊருக்கு வருகிறாளாம், பாடகன் எங்கள் ஊருக்கு வருகிறான். ஆர்டித், நீ இங்கே வந்துவிடு. ஒரு தடவையாவது. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்போம். இந்தத் தடவை கைக்குட்டை கொண்டுவருகிறேன்.

உன்
வெல்டா

மெய்ன்
மே 28, 2019

அன்புள்ள வெல்டா,

நடவு நேரத்தில் என்னை டெக்சஸுக்குக் கூப்பிட்டாய், நான் வரவில்லை, நீயும் கோபித்துக்கொள்ளவில்லை. நிலத்தை என் தம்பி மகனிடம் விட்டுவிட்டாலும் நடவின்போது வயலோரம் நின்று அவனைக் குறை சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. இது நான் சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தக் கிழங்குக் காட்சியைத் தாண்ட முடியாது என்று பயந்தேன்.

நேற்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். நீயும் எனக்கு எழுதிக்கொண்டிருப்பாய், இரண்டு கடிதமும் வழியில் எங்காவது ஒன்றையொன்று தாண்டிப் போகும், போகட்டும்.

பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில்தான் காட்டினார்கள். மடக்கு நாற்காலி, சுவரில் வெள்ளைத் துணி. முதலில் பள்ளி பேண்டு ஒவ்வொரு படையின் பாட்டையும் வாசித்தது. கடற்படைப் பாட்டுக்குக் கடற்படையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், விமானப்படைப் பாட்டுக்கு அவர்கள். தரைப்படைப் பாட்டு வந்ததும் கில்லுக்காக நான் எழுந்தேன். எனக்கு முன்வரிசையில் ஜோசலின் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நான் யாரென்று தெரியாது, நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

படம் நன்றாக இருக்கிறது, வெல்டா. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். உன் சமையலறை மாதிரியே ஒரு சமையலறை போட்டிருக்கிறார்கள். அந்தப் பையன் வண்டி ஓட்டுகிற விதம், ஒற்றைக் கையைச் சக்கரத்தின் மேல் போட்டுக்கொண்டு, நீ எழுதுவாயே, அப்படியே இருந்தது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. எஞ்சின் மூடியைத் தூக்கினான். தாளைப் பிரித்தான், ஆவி வந்தது. தோள் குலுங்கியது. "ஓட்டல் ராய்ஸ் திறந்தாச்சு! வரிசையில வாங்க, உப்பு மட்டும் கேக்காதீங்க!" என்றான்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய், அது ஓட்டல் பெல்கிடா!"

நான் திரும்பிப் பார்த்தேன். கில்லோடு வயலில் கூடை தூக்கினவர்கள் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் இப்போது தொப்பையும் பிள்ளைகளும். சின்ன வயசில் அவன் கையால் சுடச்சுட வாங்கித் தின்றவர்கள். எனக்கு மட்டும்தான் ஞாபகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "ஆமாடா, கில் பெல்கிதான்!" என்றது இன்னொரு குரல். "கில்லு சுட்ட கிழங்கு அது!" அப்புறம் கூடமே கத்த ஆரம்பித்துவிட்டது. கில் பெல்கி, கில் பெல்கி என்று. காலால் தரையைத் தட்டினார்கள். என் மகன் பேரை இத்தனை பேர் வாயில் ஒன்றாகக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. 

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிழங்குக் கிடங்கு வைத்திருக்கிற ரோலண்டு எழுந்து, "எங்க ஊர்ப் பையனைத் திருடி ஒரு டெக்சஸ்காரனுக்குக் குடுத்திருக்காங்க! நிறுத்துடா படத்தை!" என்று படம் ஓட்டுகிற மெஷின் பக்கம் போனான். கூடவே பத்துப் பேர் போனார்கள். "எவன்டா அந்த ராய்ஸ்?" என்று ஒருவன் கேட்டான். ஜோசலின் நாற்காலிக்குள் புதைந்துகொண்டிருந்தாள். போன வருஷம் ஜனவரியில் நான் உனக்கு எழுதியதைத்தான் அவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதை அவர்கள் வாயில் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாற்காலி மேல் ஏறி நின்றேன். ஆமாம், இந்த இடுப்பு வலியோடுதான்.

"உக்காருங்கடா எல்லாரும்! ராய்ஸ் எவன்னு கேட்டது யாரு? என் பையன் பக்கத்துல உக்காந்து செத்தவன் ராய்ஸ். கில் சுட்டதுல பாதியை அவன்தான் தின்னான். அவன் அம்மா என் சிநேகிதி. இந்தக் கூடத்துல அவன் பேரை எவனாவது மரியாதை இல்லாம சொன்னீங்கன்னா இந்த நாற்காலியாலயே போடுவேன். ரோலண்டு, அந்த ஒயரை விடு."

ரோலண்டு விட்டான். படம் திரும்ப ஓடியது.

கடைசிக் காட்சியைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். நீயும் பார்த்திருப்பாய். பாட்டு ஆரம்பிக்கிறது, புழுதிச் சாலை நீண்டு போகிறது, உன் மகன் ஓட்டுகிறான். பக்கத்து இருக்கையில் ஒரு ரேடியோப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். அவன் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான். அங்கே யாரும் இல்லை. பிறகு திரை வெளுத்துப்போகிறது.

வண்டி மேலே துப்பாக்கியோடு நின்று, குண்டுவெடிப்பில் தப்பித்த ஹெக்டர் நம் இரண்டு பேரிடமும் சொன்னானே, கடைசி நிமிஷம் வரை இரண்டு பேரும் கிழங்கைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள் என்று. "வேகலடா" என்று உன் மகன், "வெந்துடுச்சுடா, மூடிட்டுத் தின்னு" என்று என் மகன். இத்தனை வருஷமாக அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. பயந்துகொண்டு போகவில்லை, சண்டை போட்டுக்கொண்டு போனார்கள் என்று.

ஒருவனைக் காட்டினால் போதும் என்று அந்தப் பெண் சொன்னாள். இரண்டு பேரை ஒருவனாக்கியதும் அவன் தனியாகிவிட்டான், வெல்டா. சண்டை போடக்கூட ஆள் இல்லை அவனுக்கு.

விளக்கு போட்டதும் ஜோசலின் நேராக என்னிடம் வந்தாள். முகம் காகிதமாக வெளுத்திருந்தது. "மிஸஸ் பெல்கி, தப்புப் பண்ணிட்டேன். நவம்பருக்கு முன்னாடி திருத்திடலாம். கில் பேரைப் பெருசாப் போட்டுடறேன். படத்தோட ஆரம்பத்துலயே போடறேன். சொல்லுங்க, எங்க வேணும்?" என்றாள். நான் கேட்டதெல்லாம் அதுதானே. விரல் வைத்துத் தேடினேனே. கையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் சொன்னேன்: "பேரை இந்த ஊரே கத்திச் சொல்லிடுச்சும்மா, எனக்கு அது போதும். கடைசியில அந்த ரேடியோப் பொட்டியை எடுத்துட்டு அங்க யாரையாவது உக்கார வை. பேர் வேண்டாம். மூஞ்சிகூடத் தெரிய வேண்டாம். ஒரு தோள் தெரிஞ்சா போதும்."

அவள் யாருக்காக என்று கேட்டாள். உங்கள் மகனுக்காகவா என்று.

ராய்ஸுக்காக என்றேன். அவனைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, வெல்டா.

உன்
ஆர்டித்